ஏழு முகங்களுக்குத் தண்ணீர்

சிப்பித்துறையில் புயல் அடித்து ஓய்ந்த எட்டாம் நாள் காலையில், கடலுக்குப் போய்த் திரும்பாத ஏழு ஆண்களுக்கும் தாடி வளர்ந்திருப்பதை முதலில் பார்த்தவள் கார்மேல் மாமி. அவள் தன் ஒரே மகன் கிளாட்வினின் படம் ஓடிக்கொண்டிருந்த கைபேசியை முந்தானையால் இரண்டு தடவை துடைத்துப் பார்த்து, அது அழுக்கு இல்லை, மயிர்தான் என்று உறுதியானதும், காலில் செருப்புகூட இல்லாமல் மூன்று முடுக்கு தாண்டி ஜெனோவாவின் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"மக்ளே, நீ இதுல தாடி வரைஞ்சியா?"

"இல்ல மாமி. எல்லாரையும் வழிச்ச முகமாத்தான் வரைஞ்சேன்."

"அப்ப இது வளந்ததுதான்" என்று சொல்லிவிட்டு கார்மேல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எட்டு நாளில் முதல் தடவையாக ஒரு தம்ளர் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஜெனோவாவுக்கு முகம் வரைவதுதான் பிழைப்பு. கைபேசி விளையாட்டுகளில் வருகிற வில்லாளிகளையும் சூனியக்காரிகளையும் கொம்பு முளைத்த அரசர்களையும், எங்கோ இருக்கிற ஆட்களுக்காக, வீட்டு முன்னறையில் உட்கார்ந்து டேப்லெட்டில் வரைந்து அசைய வைப்பாள். துறையில் அதற்குக் கார்ட்டூன் வேலை என்று பெயர். அவள் கணவன் பெர்க்மான்ஸ், ஆழிமாதா என்கிற விசைப்படகில் ததேயுஸ் டிரைவரோடும் மற்ற ஐந்து பேரோடும் போனவன். புயல் முடிந்த மூன்றாம் நாள், படகில் போனவர்களின் வீட்டுப் பெண்கள் கைபேசிகளையும் அட்டைகளையும் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்கள். ஒருத்தியிடம் இருந்தது ரேஷன் கார்டுப் படம், ஒருத்தியிடம் கல்யாண வரிசையில் பாதி முகம், ஒருத்தியிடம் வலை பிரிக்கிறவனின் முதுகும் ஒரு காதும். இவற்றை வைத்துத் தேடச் சொன்னால் எவன் தேடுவான், முகத்தை முகமாக ஆக்கிக் கொடு, நம்ம ஆளுக என்று பார்த்தால் தெரிகிற மாதிரி ஆக்கிக் கொடு, எல்லாக் கரைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றார்கள்.

அவள் இரண்டு பகல் வரைந்தாள். முதலில் மண்டையின் உருண்டை, பிறகு கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்ற கணக்கு, பிறகு கோடு, கோட்டுக்கு அடியில் தட்டையான நிறம், நிறத்துக்கு மேல் நிழல், நிழலுக்கு மேல் வெளிச்சம். ஒவ்வொன்றையும் தனித்தனி லேயரில், கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல் அடுக்கினாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, "மூக்கு இன்னும் கொஞ்சம் பருமன்", "எனக்க மாப்பிளைக்கு இந்தப் புருவத்துல ஒரு வெட்டு உண்டு" என்று சொல்லச் சொல்லத் திருத்தினாள். கண்ணைக் கடைசியாக வைத்தாள். பிறகு இமையைத் தனியாக வெட்டி, உதட்டைத் தனியாக வெட்டி, தோளைத் தனியாக வெட்டி, நான்கு விநாடிக்கு ஒரு மூச்சும் ஒரு கண் சிமிட்டலும் வைத்தாள்; அசைகிற முகத்தை யாரும் சட்டென்று தள்ளிவிட்டுப் போகமாட்டார்கள் என்பது தொழிலில் அவள் கற்றது. கணவனின் முகத்துக்கு மட்டும் படம் எதுவும் பார்க்காமல் வரைந்தாள்.

அந்த ஏழு முகங்கள் எல்லாக் கைபேசிகளுக்கும் போன மூன்றாம் நாளில்தான் தாடி வளர்ந்தது.

துறை அதை ஏற்றுக்கொள்ள ஒரு முற்பகல் போதுமாக இருந்தது. தாடி வளர்கிறது என்றால் ஆள் உயிரோடு இருக்கிறான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார்கள். முடிவெட்டுகிற சேவியர் வரவழைக்கப்பட்டு, ஏழு கைபேசிகளையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இது பத்து நாள் வளர்த்தி, ததேயுஸுக்கு மட்டும் பன்னிரண்டு நாள், அவன் போகும்போதே வழிக்காமல்தான் போனான் என்று சொல்ல, ததேயுஸின் மனைவி புஷ்பம் ஆமாம் ஆமாம் என்று சேவியரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பங்குச் சாமியார் அன்று மாலைப் பூசையில், காணாமல் போனவர்களுக்காக என்று தொடங்கி, நிறுத்தி, தாகத்தோடு இருப்பவர்களுக்காக என்று திருத்திச் சொன்னார். அன்றிலிருந்து துறையில் யாரும் அந்தக் கைபேசிகளைக் கவிழ்த்து வைக்கவில்லை, மூச்சு முட்டும் என்று. வெயிலில் வைக்கவில்லை, காயும் என்று. மீன் விற்கிறவர்கள் கூடையோரத்தில் ஈரத்துணி விரித்து அதன் மேல் சாய்த்துவைத்துக்கொண்டு விலை பேசினார்கள். புஷ்பம் தன் கணவனின் படத்துக்கு நாள் முழுக்கக் குடை பிடித்தாள். அதனால் அவன் முகத்தில் வெயில் குறைந்ததாகத் தெரியவில்லை. அவளும் குடையை மடக்கவில்லை.

ஒன்பதாம் நாள் உதடுகள் வெடித்தன.

படகில் ஏற்றிய தண்ணீர் அவ்வளவுதான் என்று எல்லாருக்கும் தெரியும். ஜெனோவா கணவனின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவனுடைய கீழுதட்டில் தான் வரையாத ஒரு சிவந்த கோட்டைப் பார்த்தாள். அதை ஒரு தடவை அழித்தாள். மறுபடி வந்தது. நல்ல உதட்டை மேலே வரைந்து மூடினாள், அதுவும் வெடித்தது. வேறு எதுவும் தோன்றாமல், புதிய லேயர் ஒன்றைத் திறந்து, ஒரு எவர்சில்வர் தம்ளரையும், தம்ளர் நிறையத் தண்ணீரையும், தம்ளரைப் பிடிக்க அவனுடைய வலது கையையும் வரைந்தாள். வரைந்து முடித்து நிறுத்தியபோது தம்ளர் அவன் முகத்துக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது, அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான், குடிக்கவில்லை. குடிப்பதையும் தான்தான் வரைய வேண்டும் என்று அவளுக்கு விளங்கியது.

குடிப்பதை வரைவது லேசான வேலை இல்லை. உதடு தம்ளர் விளிம்பில் படிய வேண்டும், தம்ளர் சாயச் சாயத் தண்ணீர் மட்டம் சாயாமல் நிற்க வேண்டும், தொண்டைக்குழி ஏறி இறங்க வேண்டும், ஒவ்வொரு மிடறுக்கும் கண் பாதி மூடித் திறக்க வேண்டும். ஃபிரேம் என்கிற தனித்தனிப் படங்களாக, விநாடிக்குப் பன்னிரண்டு வீதம், ஒரு தம்ளர் தண்ணீரை ஒருவன் உள்ளே இறக்குவதற்கு அவளுக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. கடைசி மிடறில் தம்ளர் காலியானது. பெர்க்மான்ஸ் நாக்கை வெளியே விட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டான். அதை அவள் வரையவில்லை.

அதன் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. ஒருவனுக்கு வரைந்ததை நகல் எடுத்து மற்றவனுக்கு வைத்தால் தண்ணீர் குறையவில்லை. ஒவ்வொருவனுக்கும் முதலிலிருந்து வரைய வேண்டியிருந்தது. மதுரையில் இருக்கிற ஒரு தோழிக்கு ஃபைலை அனுப்பி, நீயும் கொஞ்சம் வரைந்து உதவு என்று கெஞ்சினாள். அவளும் நாள் முழுக்க வரைந்தாள், அவள் கை வரைந்த தண்ணீரை யாரும் குடிக்கவில்லை. சோறு வரை, மீன் குழம்பு வரை என்று பெண்கள் கேட்டார்கள், வரைந்தாள், படத்தில் இருந்தவர்கள் மென்றார்கள், விழுங்க முடியாமல் துப்பினார்கள். படகுக்கு ஒரு புது எஞ்சின் வரை என்று ஒருத்தி சொன்னாள். படத்தின் சட்டத்தைக் கீழே இழுத்துப் பெரிதாக்கி அதையும் வரைந்து பார்த்தாள். தோளுக்குக் கீழே வரைந்த எதுவும் மறுநாள் இருக்கவில்லை. முகமும் தண்ணீரும்தான் அவளுக்கு விடப்பட்டிருந்தன.

ஆகவே ஏழு பேருக்கு ஏழு தம்ளர், ஒரு நாளைக்கு ஒரு சுற்று. யாருக்கு முதலில் என்று சண்டை வரக்கூடாது என்று பெண்களே சுவரில் கரியால் ஏழு பெயரையும் எழுதி, தினமும் தொடங்குகிற ஆளை ஒவ்வொரு பெயராக நகர்த்தினார்கள். ஒருத்தி ஜெனோவாவுக்குக் கஞ்சியை ஊட்டிவிட்டாள், ஒருத்தி மணிக்கட்டுக்கு எண்ணெய் தேய்த்தாள், ஒருத்தி தலை வாரிவிட்டாள். புயலில் மின்கம்பங்கள் விழுந்திருந்ததால் கோயில் ஜெனரேட்டரிலிருந்து அவள் வீட்டுக்கு மட்டும் ஒரு வயர் இழுக்கப்பட்டது. லேயர் என்றால் என்ன, ஃபிரேம் என்றால் என்ன என்று துறையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது; "இப்ப எத்தனாவது ஃபிரேம்?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டு, பதிலைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்கள்.

பதினோராம் நாள் அவள் வெளிச்சத்தைக் கவனித்தாள். முகங்களை வரையும்போது வெளிச்சத்தை இடது மேல்புறத்திலிருந்து விழும்படி வைத்திருந்தாள், எப்போதும் அப்படித்தான் வைப்பாள். ஆனால் அன்று தம்ளரில் மினுப்புப் புள்ளி வைக்கப்போனவள், முகத்தில் வெளிச்சம் இருந்த இடம் காலையில் இருந்த இடம் இல்லை என்று கண்டாள். நகர்ந்திருந்தது. ஏழு முகங்களிலும் ஒரே மாதிரி நகர்ந்திருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் மூக்குகளின் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது குறுகிக் குறுகி, நன்றாகக் குறுகி, பிறகு மறுபக்கம் நீளத் தொடங்கியபோது, கோயில் முற்றத்துக் கொடிமரத்தின் நிழல் ஏற்கனவே நீளத் தொடங்கி வெகு நேரம் ஆகியிருந்தது.

"ஷைனி டீச்சரக் கூப்பிடுங்க" என்றாள்.

ஷைனி டீச்சர் எட்டாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறவள். மறுநாள் கொடிமரத்தடியில் ஒருத்தியை நிறுத்தி, ஜெனோவாவின் வீட்டில் தான் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, இங்கே உச்சி ஆன நேரத்தையும் அந்த முகங்களில் உச்சி ஆன நேரத்தையும் ஒரு தாளில் எழுதினாள்.

"இருபத்திரண்டு நிமிஷம் பிந்தி ஆவுது. ஒரு பாகைக்கு நாலு நிமிஷம். அஞ்சரைப் பாகை மேற்கே இருக்கினும்." டீச்சர் தாளில் பெருக்கிப் பார்த்தாள். "அறுநூறு கிலோமீட்டர். நாமெல்லாம் தெற்க தேடிக்கிட்டு இருக்கோம்."

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு புஷ்பமும் கார்மேலும் கரைக் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி தாளைப் பொறுமையாகப் படித்தார், கைபேசியை வாங்கி ததேயுஸின் முகத்தை நெடுநேரம் பார்த்தார், தன் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தன்னையறியாமல் கைபேசிப் பக்கமாக நகர்த்தி வைத்தார். "எனக்கும் புரியுதும்மா. ஆனா படத்துல விழற நிழலைக் காட்டி நான் மேலே எப்படிக் கப்பல் கேட்பேன்?" என்றார்.

அன்று பிற்பகலே படகுக்காரர் லாசர், இந்த மாசத்து நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை டீச்சரின் கணக்கோடு சேர்த்துப் பார்த்து, மூன்று படகுகளை மேற்கே கிளப்பினார். போக மூன்று நாள், தேட எத்தனை நாளோ, திரும்ப மூன்று நாள். "அதுவரைக்கும் நீ பாத்துக்க மக்ளே" என்று ஜெனோவாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பதினாலாம் நாள், ஐந்தாவது ஆளுக்குத் தண்ணீர் கொடுத்து முடிக்கும்போது ஜெனரேட்டர் நின்றது.

எஞ்சின் சூடேறி இறுகிவிட்டது என்றார்கள். பெண்கள் எல்லாரும் மெக்கானிக்கைத் தேடி நாலா பக்கமும் ஓடினார்கள். அறையில் ஜெனோவா மட்டும் இருந்தாள். டேப்லெட்டில் பதினோரு சதவீதம் சார்ஜ் இருந்தது. அது ஒருவனுக்குப் போதும், இரண்டு பேருக்குப் போதாது. சுவரில் மிச்சம் இருந்தவை இரண்டு பெயர்கள்: முதலில் கிளாட்வின், அவனுக்குக் கீழே பெர்க்மான்ஸ்.

கிளாட்வினின் முகத்தைத் திறந்தாள். இருபத்திரண்டு வயதுக்காரன், இரண்டு நாளாகக் காய்ச்சல் கண்டவன்போல் இருந்தான். கண்கள் உள்ளே போயிருந்தன, சிமிட்டுவது குறைந்திருந்தது. புதிய லேயர் திறந்தாள். தம்ளரின் வாய்வட்டத்தைப் போட்டாள். பத்து சதவீதம். அப்போது, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கணவனின் முகத்தைத் திறந்தாள். அவன் வெடித்த உதட்டிலிருந்து வழிந்த ரத்தத்தை நக்கிக்கொண்டிருந்தான். அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தான். அவள் கிளாட்வினின் படத்துக்குத் திரும்பிப் போகவில்லை. பிற்பாடு எத்தனை தடவை யோசித்தாலும், முடிவெடுத்த கணம் என்று ஒன்று அவளுக்கு நினைவில் இல்லை. கை வரையத் தொடங்கியிருந்தது, தம்ளர் வந்திருந்தது, உதடு விளிம்பில் படிந்திருந்தது, அவன் குடித்துக்கொண்டிருந்தான். கடைசி மிடறு தொண்டைக்குழியைத் தாண்டியதும் திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் தன் முகம் தெரிந்ததால் டேப்லெட்டைத் திருப்பி வைத்தாள்.

மெக்கானிக் மறுநாள் காலையில்தான் வந்தான். சார்ஜ் ஏறியதும் அவள் முதலில் கிளாட்வினைத் திறந்தாள். கண்கள் திறந்திருந்தன. அவள் நான்கு விநாடி காத்திருந்தாள். பிறகு இன்னொரு நான்கு விநாடி. பிறகு அறுபது வரை எண்ணினாள். அவசர அவசரமாகத் தண்ணீர் வரைந்தாள், ஒன்றேகால் மணி நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். தம்ளர் சாய்ந்தது, தொண்டைக்குழி அவள் வரைந்தபடி ஏறி இறங்கியது, தண்ணீர் மட்டம் மட்டும் விளிம்பிலேயே நின்றது.

முடுக்கில் கார்மேலின் குரல் கேட்டது. யாரிடமோ, "கரண்டு வந்துட்டு, இனி பயமில்ல" என்று சொல்லிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

ஜெனோவா தம்ளர் இருந்த லேயரை அழித்தாள். கிளாட்வினின் இமைகளைக் கீழே இறக்கினாள். உதட்டைச் சேர்த்து மூடினாள். தோள் இரண்டையும் ஒரு நூலளவு ஏற்றி, ஒரு நூலளவு இறக்கி, முப்பத்தாறு ஃபிரேமில் ஒரு மூச்சு செய்து, அதைத் திரும்பத் திரும்ப ஓடும்படி விட்டாள்.

"உறங்குகான் மாமி" என்றாள். "களைச்சுப் போயிருக்கான்."

கார்மேல் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "உறங்கட்டு" என்றாள். "உறங்கட்டு மக்ளே, நீ மத்தவனுகளப் பாரு."

அடுத்த நான்கு நாளும் ஜெனோவாவுக்கு வேலை இரட்டிப்பானது. ஆறு பேருக்குத் தண்ணீர் வரைந்தாள். ஏழாமவனுக்குத் தாடி வரைந்தாள். மற்றவர்களுக்குத் தாடி தானாக வளர, இவனுக்கு மட்டும் தினமும் காலையில் பெண்கள் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு மயிராக நீட்டி, கன்னத்தைக் கொஞ்சம் ஒட்டவைத்து, வெயில் நகர்கிறபடி மூக்கின் நிழலையும் மணிக்கொரு தடவை நகர்த்தினாள். சுவரில் அவன் பெயர் வரும்போது தம்ளரை வரைந்து, தண்ணீரை ஒவ்வொரு ஃபிரேமாக அவளே குறைத்து, அவன் உறக்கத்தில் குடித்ததாகச் சொன்னாள். கார்மேல் எல்லாருக்கும் முன்னால் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டுக்கு எண்ணெய் தேய்த்தாள். அந்த விரல்கள் தன் கையில் படும்போதெல்லாம் ஜெனோவா கையை இழுத்துக்கொண்டாள். எழுந்து ஓடி, எண்ணெய் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொன்னாள். படகுகள் திரும்பி வரவேண்டும் என்று கும்பிட்டாள். வந்தால் என்ன சொல்வது என்று நினைத்து, இன்னும் ஒரு நாள் கழித்து வரட்டும் என்றும் கும்பிட்டாள்; அப்படிக் கும்பிட்டதற்காகத் தன் தலையைச் சுவரில் மோதிக்கொண்டாள்.

பதினெட்டாம் நாள் முற்பகலில் முகங்கள்மேல் நிழல் விழுந்தது. லாசரின் படகுத் தார்ப்பாயின் நிழல், நீல நிறம் கன்னங்களில் படிந்தது. யாரும் வரையாத தண்ணீர் ததேயுஸின் தலையில் வழிந்தது. பெர்க்மான்ஸ் வாயைத் திறந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாதபடி கோணினான். புஷ்பம் பதினோரு நாளாகப் பிடித்திருந்த குடையை வீசி எறிந்துவிட்டுத் தெருவில் விழுந்து மண்ணை முத்தமிட்டாள். கோயில் மணி அடித்தது. முன்னறையில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு கூவினார்கள்.

ஆறு முகங்களில் நீல நிழல். ஏழாவது முகத்தில் வெயில் அப்படியே இருந்தது.

ஜெனோவா பேனாவை எடுத்தாள். நீலத்தைத் தேர்ந்தாள். கிளாட்வினின் நெற்றியில் முதல் தீற்றலை இழுத்தபோது, அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"அவனுக்கு நிழல் வரையாண்டாம் மக்ளே" என்றாள் கார்மேல். கூச்சலில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

"மாமி…"

"அவன் பால்குடி மறந்த நாள் தொட்டு வாயத் திறந்துட்டுத்தான் உறங்குவான். நீ மூடி வச்சிருந்த." அவள் இன்னும் மெதுவாகச் சொன்னாள். "நானும் இருந்து எண்ணிப் பாத்தேன். ஒவ்வொரு மூச்சும் ஒரே அளவு. உசுரோட இருக்கவன் எவன் அப்பிடி மூச்சு விடுவான்?"

"ஏன் மாமி அப்பவே கேக்கல?"

"நான் அலறியிருந்தா உனக்க கை ஆடியிருக்கும். இன்னும் ஆறு பேரு வாயத் திறந்துட்டு இருந்தானுகளே." கையை விட்டாள். "அவனுக கரை ஏறுகது வரைக்கும் அந்த மூச்சு ஓடட்டு. இவளுக ஒரு நாளு சந்தோசமா இருக்கட்டு."

மூன்று நாள் கழித்துப் படகுகள் வந்தன. ஆறு பேரைத் தோளில் தாங்கி இறக்கினார்கள். ஆறு என்று கரையில் எண்ணி முடித்ததும் எல்லாரும் கார்மேலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, இறங்குகிற ஒவ்வொருவனின் முகத்தையும் கையால் தடவிவிட்டாள். ததேயுஸ் அவள் காலில் விழப் போனான். கிளாட்வின் பதினாலாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் போனான், மறுநாள் நாங்கதான் கடலுக்குக் கொடுத்தோம் என்று சொன்னான்.

பெர்க்மான்ஸ் வீட்டுக்கு வந்து கஞ்சியைக் குடித்தான், படுத்தான், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு ஜெனோவா உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து, சுவரிடம் சொல்வதுபோல் சொன்னான்:

"தம்ளர் தினமும் முகத்துக்கு முன்னால வரும். நம்ம வீட்டுத் தம்ளர்னு எனக்குத் தெரியும், மத்தவனுகளும் அதுலதான் குடிச்சானுக. அண்ணைக்கு அவனுக்கு முன்னால வாய்வட்டம் மட்டும் வந்து நிண்ணுச்சு. பயலு அதப் பாத்துட்டே கிடந்தான். பின்ன எனக்கு வந்துச்சு. நான் குடிக்காம அவனுக்கு ஊத்தலாம்னு கையில ஏந்தினேன். எனக்க கைய விட்டு வெளிய வந்ததும் தண்ணி இல்லாமப் போச்சு. வேற வழியில்லாம நானே குடிச்சேன். அவன் பாத்துட்டு இருந்தான்."

ஜெனோவா அவனைத் தொடவில்லை.

மறுநாள் காலை கார்மேல் கைபேசியோடு வந்தாள். பெர்க்மான்ஸ் அவளைக் கண்டதும் எழுந்து பின்வாசல் வழியாக வெளியே போனான். அவள் ஜெனோவாவுக்கு எதிரே உட்கார்ந்து, "அந்த மூச்ச நிறுத்திரு மக்ளே, இனி போதும்" என்றாள்.

"நிறுத்துகேன் மாமி. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்." ஜெனோவா சுவரைக் காட்டினாள். கரி எழுத்துகள் இன்னும் அழியாமல் இருந்தன. "அண்ணைக்கு உங்க மொவனுக்க முறைதான். சார்ஜ் ஒருத்தனுக்குத்தான் இருந்துச்சு. நான் மாத்திட்டேன்."

கார்மேல் சுவரைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். இரண்டு பெயர்களையும் உதட்டசைத்து வாசித்தாள். தெருவில் ஐஸ் வண்டி ஒன்று வந்து நின்று, கிளம்பிப் போனது. அவள் அழுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று ஜெனோவா காத்திருந்தாள். அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

"உனக்க எடத்துல நான் இருந்தா," என்றாள் கார்மேல் கடைசியில், "எனக்க மொவனுக்குத்தான் குடுத்திருப்பேன். அது எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கினாள். "அதுக்காக உன்ன மன்னிக்கணும்னு ஒண்ணுமில்ல."

"இல்ல மாமி."

"இப்ப அவனுக்குக் குடு."

"மாமி?"

"அவனுக்க முறைத் தண்ணிய இப்பக் குடு."

"தண்ணி குறையாது மாமி. நான் பொய்யாக் குறைக்கத்தான் செய்யணும்."

"பொய் ஒண்ணும் செய்யாண்டாம். குறைஞ்சா குறையட்டு, குறையாட்டா நிக்கட்டு. நீ வரை."

ஜெனோவா இமைகளை மேலே ஏற்றினாள். அவள் மூடிவைத்த உதட்டைத் திறந்து, தாய் சொன்ன அளவுக்குத் திறந்து வைத்தாள். தான் வரைந்து ஒட்டிய தாடியை எடுத்தாள். அதற்கு அடியில் அவன் உண்மையாக வளர்த்த தாடி, குறைவாக, மென்மையாக இருந்தது. பிறகு தம்ளர், தம்ளரில் தண்ணீர், தண்ணீரில் மினுப்பு, தம்ளரைப் பிடிக்க அவன் கை. கையை வரையும்போது, "பெருவிரல் நகம் ஒடிஞ்சிருக்கும்" என்றாள் கார்மேல், ஒடித்து வரைந்தாள். ஒன்றேகால் மணி நேரத்தில் முடிய வேண்டியது உச்சிவேளை வரை போனது, அவள் அவசரப்படவில்லை, கார்மேலும் அவசரப்படுத்தவில்லை. தம்ளர் சாய்ந்து உதட்டில் படிந்தது. தண்ணீர் விளிம்புவரை வந்து அங்கேயே நின்றது.

கார்மேல் அதைப் பார்த்தாள். கூட்டம் இல்லாத வீட்டில், பகல் வெளிச்சத்தில், முதல் தடவையாக அவள் வாய்விட்டு அழுதாள். ஜெனோவா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சரி," என்றாள் கார்மேல், முகத்தைத் துடைத்துவிட்டு. "இனி மூச்ச அழி. மொத்தமா அழிக்காத. ஒண்ணொண்ணா."

முப்பத்தாறு ஃபிரேம். ஒன்றை அழிக்கும்போதெல்லாம் கிளாட்வினின் தோள் ஏறுவது கொஞ்சம் குறைந்தது, இறங்குவது கொஞ்சம் குறைந்தது. கார்மேல் ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கி எண்ணினாள். முப்பத்தைந்து போனதும் ஜெனோவாவின் கை நின்றுவிட்டது. கார்மேல் எழுந்து வந்து, அவள் கைமேல் தன் கையை வைத்து, பேனாவைத் திரையில் அழுத்தினாள்.

பிறகு கைபேசியை மடியில் சொருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே நின்று, திரும்பாமல் சொன்னாள்:

"இனி நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன். நீயும் அங்க வராண்டாம். வழியில கண்டா முகத்த மட்டும் திருப்பிராத, கேட்டியா?"

"இல்ல மாமி. திருப்பமாட்டேன்."

கார்மேல் படியிறங்கிப் போனாள்.